அடுத்த ஞாயிறு

கம்பம் பள்ளத்தாக்கில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் என்னிடம் வந்து சேர்கிற நாள் திங்கட்கிழமை. ஞாயிறு சாயந்திரம் அடிபட்டவன் அன்று ராத்திரி தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்ப்பான். விடிந்து எழுந்து காலை ஊன்ற முடியாதபோதுதான் பிசியோதெரபிஸ்ட் ஞாபகம் வரும். நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஒரு காலில் செருப்பும் மறுகாலில் கிரேப் பேண்டேஜுமாக வந்து இறங்குவான். வலி எங்கே என்று நான் கேட்பதற்குள் அவன் கேட்டுவிடுவான்: "அண்ணே, அடுத்த ஞாயிறு செமி ஃபைனல். ஆடிறலாம்ல?"

இந்தத் தொழிலில் என் பாதி வேலை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான். எங்கள் பகுதியின் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் அடியோடு ஆட்டத்தை விட்டவர்கள் அவர்களில் மிகச் சிலர். முதல் அடி ஆறுமுன் களத்தில் இறங்கி, அதே இடத்தில் இரண்டாவது அடி வாங்கியவர்களே அதிகம். முதல் அடி ஆட்டத்தோடு வருவது; அதை ஓரளவுதான் தடுக்க முடியும். இரண்டாவதை அனேகமாக முழுசாகவே தடுக்கலாம். அதற்கு வேண்டியது நாட்கள். அந்த நாட்களை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கொடுப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இவர்கள் முழுநேர ஆட்டக்காரர்கள் கிடையாது. விடியற்காலையில் கம்பத்திலும் போடியிலும் ஆள் ஏற்றுகிற ஜீப்பில் தொற்றி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறி ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றுகிறவர்கள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாள் முழுக்க அண்ணாந்து நின்று வேலை பார்க்கிறவர்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே செல்போன் கடையில் நிற்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட். நன்றாக ஆடினால் பக்கத்து ஊர் அணி கூப்பிடும். பஸ் காசும் சாப்பாடும் கையில் கொஞ்சம் பணமும் கிடைக்கும். மலைக்கு மேலே குமுளி, வண்டிப்பெரியார் பக்கத்திலிருந்தும் ஆள் வரும். அங்கே பெரும்பாலும் செவன்ஸ். மலப்புறத்திலும் கோழிக்கோட்டிலும் நவம்பர் தொடங்கி மே வரை விளக்கு வெளிச்சத்தில் ஊரே திரண்டு பார்க்கிற ஆட்டம் அது. களம் சிறியது, பக்கத்துக்கு ஏழு பேர். நேராக ஓட இடம் குறைவு. சட்டென்று நிற்பது, திரும்புவது, மோதுவது அதிகம். கரண்டைக்கும் முட்டிக்கும் அதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் பெரியகுளம் என்றால் பாஸ்கெட்பால். மே மாதத்து அகில இந்தியப் போட்டியைப் பார்த்தே அங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். கிராமங்களுக்குக் கபடியும் வாலிபாலும் இருக்கின்றன. ஃபுட்பாலுக்கு அப்படிப்பட்ட பின்பலம் இல்லை, களமும் இல்லை. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் நெல் விளைகிற மண் இது. சமதரையெல்லாம் வயல். மிச்சமிருப்பது பள்ளி மைதானமும் ஊர்ப் பொட்டலும். இரண்டாம் போகம் அறுத்த பிறகு வயலிலேயே கம்பு நட்டு ஆடுவதும் உண்டு. காய்ந்த வயல்மண் வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் பூட்ஸ் முனை மாட்டினால் கால் நின்றுவிடும், உடம்பு போய்விடும். பொட்டலில் சரளை; அதில் சறுக்கினால் தொடைத் தோல் உரிந்து வரும். மாடு மேய்கிற தரை என்பதால், சிராய்ப்பைச் சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவச் சொல்லி, டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று விசாரித்த பிறகுதான் மற்றதைப் பார்ப்பேன்.

அதிகமாக வருவது கரண்டை. பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்க எலும்பைப் பிடித்திருக்கிற தசைநார் இழுபட்டுவிடும், அல்லது கிழிந்துவிடும். எலும்பு உடைந்திருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் வகுத்த எளிய விதி இதற்கு உதவுகிறது. அடிபட்ட உடனே நாலு எட்டு வைக்க முடிந்ததா, இப்போது முடிகிறதா? கரண்டையின் இரண்டு புறத்து எலும்பிலும் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? நடுப்பாதத்தின் உள்பக்க எலும்பிலோ, சுண்டுவிரலுக்குப் போகிற எலும்பின் அடியிலோ வலிக்கிறதா? நாலு எட்டு நடக்கிறான், எலும்பில் வலியில்லை என்றால் முறிவு இருப்பது மிக அபூர்வம். இதில் ஒன்று தப்பினாலும் எக்ஸ்ரேக்கு அனுப்பிவிடுகிறேன். ஊருக்கு ஒருவர் இந்த விதியைக் கற்றுக்கொண்டால் போதும். வீண் எக்ஸ்ரே செலவு குறையும், உடைந்த எலும்போடு ஒரு வாரம் நொண்டுவதும் குறையும்.

வீக்கத்துக்கு என்ன செய்வது என்பதில் நாங்கள் படித்ததே மாறியிருக்கிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நாலும் 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் எழுதிய புத்தகத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவியவை. ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். நான் இப்போது சொல்வது இதுதான்: முதல் இரண்டு மூன்று நாள் அளவான இறுக்கத்தில் ஒரு கட்டு, படுக்கும்போது காலுக்கு அடியில் தலையணை, வலி தாங்கவில்லை என்றால் மட்டும் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிஷம். வெந்நீர், சூட்டுத் தைலம், நீவிவிடுதல் மூன்றும் அந்த நாட்களில் வேண்டாம்; உள்ளே ரத்தம் கசிகிற நேரத்தில் அவை கசிவைக் கூட்டும். அதன் பிறகு, வலி விடுகிற அளவுக்கு நடக்கவேண்டும். நடக்க நடக்கத்தான் தசைநார் பலமாகச் சேரும்.

பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும். பையன் சரியாகிவிட்டதாக நம்புகிற கட்டம் அது. தரை மேடா பள்ளமா என்பதைக் கண் பார்க்காமலேயே அறிந்து, மடங்கப் போகிற பாதத்தை நிமிர்த்திக்கொள்கிற உணர்வு ஒன்று கரண்டையில் இருக்கிறது. தசைநார் கிழியும்போது அந்த உணர்வும் மழுங்கிப்போகிறது. வலி போன பிறகும் அது தானாகத் திரும்புவதில்லை, பழக்கித்தான் வரவழைக்கவேண்டும். பல் விளக்குகிற நேரம் முழுக்க அடிபட்ட காலில் மட்டும் நில் என்கிறேன். ஒரு வாரம் போனதும் கண்ணை மூடிக்கொண்டு நில். பிறகு ஒற்றைக்காலில் நின்றபடி பந்தைப் பிடித்து எறி. இதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம். செய்தவனுக்குக் கரண்டை மறுபடி மடங்குவது கண்கூடாகக் குறைகிறது. செய்யாதவன் அதே சீசனில் அதே காலோடு வருகிறான். நாலைந்து தடவை மடங்கிய கரண்டை தளர்ந்து, கடைசியில் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மடங்குகிறது.

என்னிடம் வருமுன் பெரும்பாலோர் சுளுக்கு எடுக்கிறவரிடம் போய்விட்டு வருகிறார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துப் பற்றுப்போட்ட கால்களைக் கழுவித்தான் பல நேரம் பரிசோதிக்கவே முடிகிறது. சுளுக்கு எடுக்கிறவரோடு சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர் அவர்தான். மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டிய கட்டு மட்டும் எனக்குப் பயம். விரல் நீலம் பாய்ந்து மரத்துப்போனால் கட்டை உடனே அவிழ்த்தாக வேண்டும். சில மணி நேரம் தாமதித்தால் சதை செத்துவிடும். உத்தமபாளையம் பக்கத்தில் வயதான வைத்தியர் ஒருவர் இருக்கிறார். ஒருமுறை தேடிப்போய்ப் பேசினேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கரண்டை வீங்குனா நான் பாப்பேன். முட்டி வீங்குனா தொடமாட்டேன். விழுந்த ராத்திரிக்குள்ள வீங்குற முட்டி ரத்தம். அது ஒங்க ஆளுக பாக்க வேண்டியது." அன்றிலிருந்து முட்டி வீங்கியவர்களை அவர் எனக்கு அனுப்பிவிடுகிறார். மருத்துவப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது: அடிபட்ட சில மணி நேரத்தில் வீங்கும் முட்டிக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, உள்ளே பெரிய சேதம் ஏதோ நடந்திருக்கிறது.

முட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கூடலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், வலது விங்கில் ஆடுகிறவன். வாரம் ஆறு நாள் ஏலத்தோட்ட வேலை. ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் ஆளை ஏமாற்றி உள்ளே திரும்பும்போது விழுந்தான். யாரும் இடிக்கவில்லை. "உள்ள பட்டுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுண்ணே, எனக்கே கேட்டுச்சு" என்றான். முட்டிக்கு நடுவில், தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் குறுக்காகப் பிணைத்திருக்கிற முன் தசைநார் அறுந்தால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். ஊன்றிய பாதம் தரையில் பதிந்து நிற்க, உடம்பு திரும்ப, முட்டி உள்பக்கமாகச் சரியும். எதிராளி தேவையே இல்லை. நீளமான ஸ்டட் வைத்த பூட்ஸ், இறுகிய மண் இரண்டும் சேர்ந்தால் பாதம் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

அவன் என்னிடம் வந்தது அந்த ஆட்டத்துக்குப் பிறகு இல்லை. அதில் விழுந்து, மூன்று வாரம் வீட்டில் கிடந்து, வீக்கம் வடிந்து, நேராக ஓடிப் பார்த்து, வலியில்லை என்று கண்டு, இன்னொரு டோர்னமென்ட்டில் இறங்கி, முதல் பாதியிலேயே முட்டி வழுகி விழுந்த பிறகு வந்தான். இந்த வகை அடியில் ஏமாற்று இதுதான். முன் தசைநார் இல்லாமலேயே ஒருவன் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், நேர்க்கோட்டில் வேகமாகக்கூட ஓடலாம். திரும்பும்போது மட்டும் முட்டி கைவிட்டுவிடும். அப்படிக் கைவிடுகிற ஒவ்வொரு தடவையும் இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போட்டிருக்கிற ஜவ்வு நசுங்குகிறது. முதல் ஆட்டத்தில் அவன் இழந்தது தசைநாரை. இரண்டாவது ஆட்டத்தில் ஜவ்வும் கிழிந்திருந்தது. தசைநாருக்கு மாற்று வைக்கலாம். கிழிந்த ஜவ்வில் வெட்டி எடுத்த பகுதி திரும்ப வளராது. வயதான பிறகு வரவேண்டிய மூட்டுத் தேய்மானத்தை அது முன்கூட்டியே கூட்டிவரும்.

அறுவை சிகிச்சைக்கு எங்கள் ஆட்கள் தேனியைத் தாண்டி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போகிறார்கள். தனியாரில் என்றால் லட்சத்தில் பேச்சு. அவன் எப்படியோ முடித்துக்கொண்டு வந்தான். தொடையின் பின்பக்க நாணை எடுத்து முட்டிக்குள் புதுத் தசைநாராக வைத்திருந்தார்கள். அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "சார், எம்புட்டு நாள்ல வேலைக்குப் போவான்?" பையன் கேட்டது வேறு: "எப்ப ஆடலாம்ணே?" இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. புதிதாக வைத்த நாண் முதல் சில மாதத்தில் வலுவிழந்து, பிறகுதான் மெல்ல மெல்லத் தசைநாராக மாறும். வலி இல்லாத அந்த மாதங்களில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். நார்வேயில் செய்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது: ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இதை அந்த அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். அவர் விரல் மடக்கி எண்ணினார். ஒன்பது மாதக் கூலி என்ன என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

வெளிநாட்டுப் பயிற்சித் திட்டங்களை அப்படியே எடுத்து இங்கே கொடுக்க முடியாது. அவற்றில் சம்மணம் போட்டு உட்கார்வது இல்லை, குத்துக்காலிட்டு உட்கார்வது இல்லை, நாற்று நடக் குனிவது இல்லை. எங்கள் ஆட்களுக்கு முட்டி சரியாயிற்று என்பதற்கு முதல் சாட்சி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுவது. ஏலத்தோட்டக்காரனுக்கு அதைவிடக் கடினமான பரீட்சை உண்டு: ஈரச் சரிவில் மூட்டையோடு இறங்குவது. ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் முன் தசைநாருக்கு முழு வேலை. அதனால் அவனுக்கு நான் வைத்த திட்டத்தில் ஃபுட்பாலுக்கு முன்னால் சரிவு இருந்தது. படியிறங்குதல், மண்மேடு இறங்குதல், பத்துக் கிலோவோடு இறங்குதல், பிறகுதான் ஓட்டம். கடைசியில் அளவு நாடாவைத் தரையில் போட்டு ஒற்றைக்காலில் தாண்டச் சொல்வேன். நல்ல கால் தாண்டும் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது அடிபட்ட கால் தாண்டவேண்டும். அதற்குக் குறைந்தால் பந்து கிடையாது. அவன் ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டான். இப்போது ஆடுகிறான், விங்கில் இல்லை, பின்னால். பழைய வேகம் வரவில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் அடியோடு வந்திருந்தால் ஜவ்வு தப்பியிருக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு இந்த அடி இன்னும் எளிதில் படுகிறது. ஒரே அளவு ஆடினாலும் முன் தசைநார் அறுவது அவர்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்றபோது, பக்கத்து மாவட்டமான எங்களுக்கு அது பெரிய சந்தோஷம். பூட்ஸ் கேட்கிற பெண்பிள்ளைகளை அதன் பிறகு பள்ளிகளில் கூடுதலாகப் பார்க்கிறேன். குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே சாயாமல் மடக்கி இறங்குவது எப்படி என்பதை முதல் வாரத்திலேயே அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். கற்றுக்கொடுத்தால் இந்த அடியில் பெரும்பங்கைத் தவிர்க்கலாம். பூட்ஸ் வாங்கித் தருகிற நல்ல மனிதர்கள் இதையும் ஏற்பாடு செய்யட்டும்.

சிறுவர்கள் விஷயம் தனி. பன்னிரண்டு வயதுப் பையனை அப்பா கூட்டிவருவார்: "குதிகால் வலிங்கிறான் சார், எண்ணெய் போட்டு நீவியாச்சு, கேக்கல." வளர்கிற எலும்பின் முனையில் குருத்தெலும்பு இருக்கிறது, தென்னங்கன்றின் குருத்துப்போல மென்மையாக. தசையும் நாணும் அதில்தான் வந்து பிடிக்கின்றன. பையன் கிடுகிடுவென்று உயரும் வருஷத்தில் எலும்பு முந்தி நீள, நாண் பின்தங்கி இறுகி, அந்தக் குருத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எட்டிலிருந்து பதினாலு வயது வரை குதிகாலில் வலிக்கும். அதை அடுத்து முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். இரண்டுமே ஆபத்தில்லை, வளர்ச்சி முடிந்தால் போய்விடும். ஆட்டத்தைக் குறைத்து, கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டிப் பழகினால் போதும். நீவுவது இதற்கு உதவாது. வலியோடு ஓடவிடுவது ஆகவே ஆகாது.

இதில் எனக்குக் கவலை தருவது நன்றாக ஆடுகிற பையன். அவனைப் பள்ளி அணி கூப்பிடும், ஊர் அணி கூப்பிடும், பதினேழு வயதுக்கு உட்பட்ட அணியிலும் ஆள் குறைகிறது என்று கூப்பிடுவார்கள். பாரதியார் தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை, ஊர்ப் பொங்கல் டோர்னமென்ட் என்று அடுத்தடுத்து வரும். மூன்று பேருக்கும் அவன் தேவை. மூன்று பேரும் அவன் வாரத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடுகிறான் என்று கூட்டிப் பார்ப்பதில்லை. நான் அப்பாக்களிடம் சொல்வது ஒன்றுதான்: ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள், வாரத்தில் ஒரு முழு நாளாவது பந்து தொடாத நாளாக இருக்கட்டும். இன்னொன்று, பிள்ளைகளுக்குத் தசைநாரைவிடக் குருத்தெலும்பு பலவீனம். பெரியவனுக்குச் சுளுக்காகிற அதே மடங்கலில் பையனுக்குக் குருத்து பெயர்ந்துவிடலாம். அதை நீவினால், அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகவோ கோணலாகவோ வளர்ந்துவிடும் அபாயம் இருக்கிறது. கரண்டை எலும்பின்மேல் தொட்டால் துடிக்கிற பையனை யாரும் நீவக்கூடாது. எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும்.

தலையில் அடிபட்டவனை அன்றைக்கு மறுபடி ஆடவிடக்கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. மயங்கி விழவேண்டும் என்பதில்லை. கண் மங்கினாலோ, ஸ்கோர் என்ன என்று கேட்டால் விழித்தாலோ, வாந்தி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ போதும், வெளியே. சந்தேகம் இருந்தாலும் வெளியே. குழம்பிய மூளைக்கு இரண்டாவது இடி உயிரைக்கூட எடுக்கும். அன்று ராத்திரி அவனைத் தனியாகப் படுக்கவிடாதீர்கள். தலைவலி கூடினாலோ எழுப்பி எழாவிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். களத்துக்குத் திரும்புவது படிப்படியாக இருக்கவேண்டும்: நடை, ஓட்டம், பந்தோடு தனிப்பயிற்சி, கூட்டுப் பயிற்சி, பிறகு ஆட்டம். ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள், தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே.

கோல் போட்டதும் குட்டிக்கரணம் அடிக்கிற வழக்கம் எங்கள் பையன்களிடமும் வந்துவிட்டது. மிசோரம் பிரீமியர் லீகில் ஆடிய பீட்டர் பியாக்சாங்சுவாலா 2014 அக்டோபரில் இப்படிக் கரணம் அடித்து விழுந்து, முதுகுத்தண்டு சேதமாகி, சில நாளில் இறந்துபோனார். இருபத்து மூன்று வயது. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2004 டிசம்பரில், பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் போட்ட கையோடு கோல்கீப்பர் மேல் மோதி விழுந்தார், அவர் பிழைக்கவில்லை. 2021 ஜூனில் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் எரிக்சனின் இதயம் ஆட்டத்தின் நடுவில் நின்றபோது, களத்திலேயே மார்பை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். எரிக்சன் மறுபடி ஃபுட்பால் ஆடுகிறார். மின் கருவி எங்கள் பொட்டலுக்கு வர நாளாகும். மார்பை அழுத்தக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் நடு மார்பில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, இரண்டு அங்குலம் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்கத் தெரிந்தவர்கள் அணிக்கு இரண்டு பேர் வேண்டும். கூப்பிடுகிற ஊருக்கெல்லாம் நான் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஃபைனலுக்கு முன்னால் வலி ஊசி போட்டுக்கொண்டு இறங்குகிற பழக்கம் கூடிவருகிறது. வெளியூர் ஆட்டக்காரனாகப் போகிறவனுக்கு இறங்கினால்தான் பணம். அணிக்காரர் வற்புறுத்தவேண்டியதில்லை, அவனே கேட்டு வாங்கிக்கொள்கிறான். வலி என்பது உடம்பு போடுகிற தடை. அதை ஊசியால் தூக்கிவிட்டால் கிழிந்த தசை இன்னும் கிழிவது தெரியாது. மே மாத வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது இந்த வலி மருந்துகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பின்தொடை பிடித்தவன் ஊசியோடு ஓடியதால் இரண்டு வாரக் காயம் மூன்று மாதக் காயமானதை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. கூலி போன வாரத்தை அந்த ஒரு ஆட்டப் பணத்தால் ஈடுகட்ட நினைக்கிறவனிடம் கோபப்பட்டு என்ன செய்ய?

தடுப்பதற்கு வழி இருக்கிறது, அதுவும் காசில்லாமல். 2006-இல் ஃபிஃபா மருத்துவக் குழுவினர் உருவாக்கிய பதினைந்து பயிற்சிகளின் தொகுப்பு ஒன்று உண்டு. 'லெவன் பிளஸ்' என்று பெயர். எட்டு நிமிஷம் மெதுவான ஓட்டம், பத்து நிமிஷம் வலு, தாண்டல், சமநிலை, கடைசி இரண்டு நிமிஷம் வேக ஓட்டமும் திரும்பலும். மொத்தம் இருபது நிமிஷம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்திருக்கிறது. சிறுவர்களுக்கென்று தனித் தொகுப்பும் வந்தது. ஐரோப்பாவில் நாலு நாடுகளில் ஏழிலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்து பார்த்ததில் காயம் ஏறக்குறையப் பாதியானது. 'லெவன் பிளஸ்' தொகுப்பில் ஒரு பயிற்சி எங்கள் பையன்களுக்குப் பிடித்தது: முட்டி போட்டு நிற்பவனின் கரண்டையை இன்னொருவன் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னால் சாய்வது. பின்தொடைக் காயத்தை இது ஒன்றே பாதியாகக் குறைக்கிறது. முதல் வாரம் தொடை வலிக்கும், அதைச் சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளி ஒன்றின் பி.டி. சார் இதை எடுத்துக்கொண்டார். பந்து கையில் வந்ததும் கோல் பக்கம் ஓடுகிற பிள்ளைகளை இருபது நிமிஷம் பிடித்து நிறுத்துவது லேசான காரியம் இல்லை. அவர் பந்தைத் தன் அறையில் பூட்டிவைத்துவிட்டு, பயிற்சியை முடித்தால்தான் சாவி என்றார். ஒரு பருவம் போனதும் பிள்ளைகளே வரிசை கட்டி எண்ணத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளியிலிருந்து என்னிடம் வருகிற கால்கள் குறைந்துவிட்டன. எனக்கு வருமானம் குறைகிற அந்தச் செய்தியை நான் எல்லா ஊரிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டோர்னமென்ட் நடத்துகிறவர்களிடம் பேசாமல் இது முழுமையாகாது. அடிபட்டவனை உட்காரவைக்கும் அதிகாரம் கடைசியில் அவர்களிடம்தான் இருக்கிறது. கம்பத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பொங்கல் டோர்னமென்ட் கமிட்டிக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். கணுக்காலுக்கு மேலே ஷின் கார்டு இல்லாதவனை இறக்கவேண்டாம் என்றேன். ஃபுட்பால் விதியிலேயே அது கட்டாயம். கோல் கம்பங்களைத் தரையில் இறுக ஊன்றச் சொன்னேன். காலையில் செமியும் சாயந்திரம் ஃபைனலும் வைக்காமல் நடுவில் ஒரு நாள் விடச் சொன்னேன். மாற்று ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டி, அடிபட்டவன் வெளியே உட்கார்ந்தாலும் அணி ஆள் குறையாமல் ஆட வழி செய்யச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஐந்தாவதாக ஒன்று கேட்டேன்: வெளியூரிலிருந்து கூப்பிட்டு வருகிற ஆட்டக்காரனுக்கு அடிபட்டு உட்கார்ந்தாலும் பேசிய பணத்தில் பாதியைக் கொடுக்கவேண்டும் என்று எல்லா அணிகளிடமும் எழுதி வாங்குங்கள். அங்கே பேச்சு நின்றது. "அது அணிக்காரங்க சமாச்சாரம்ணே" என்றார் ஒருவர். "கேட்டுப் பாக்கலாமப்பா, நம்ம பயலுகளும்தான வெளியூர் போறாய்ங்க" என்றார் இன்னொருவர். முடிவு எடுக்கவில்லை. வியாழக்கிழமை சாயந்திரம் அணித் தலைவர்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், நானும் போகிறேன்.